ஏழடி போவா ஆறு வாரமாகச் சாப்பிடவில்லை, பெட்டியும் சின்னது: என்ன செய்யலாம்?

மேகலா_லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த பெண் வேலை மாறிப் போகும்போது தன் போவா பாம்பை (நஞ்சில்லாதது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்கிற பெரிய வகை) என்னிடம் விட்டுவிட்டுப் போனாள், மூன்று மாதம் ஆகிறது. போன இடத்தில் வீட்டுக்காரர் பாம்பு கூடாது என்று சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம் பார்த்துக்கொள், வந்து கூட்டிப் போகிறேன்" என்றாள், இப்போது போனையே எடுப்பதில்லை. சரி, அதை விடுங்கள். பாம்புக்கு ஒன்பது வயது, பெண், பெயர் ரூபி. நான் சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் வயல்காட்டில் சாரைப்பாம்பு பார்த்தாலே ஓடியவள், ஆனால் இவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, யாருக்கும் கொடுக்க மனசில்லை.

பிரச்சினை இதுதான். அந்தப் பெண் வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய எலி கொடுப்பாள், ஃப்ரோஸன் எலிதான். நானும் அப்படியே செய்துவந்தேன், ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் ஆறு வாரமாக எலியை முகர்ந்து பார்க்கிறாள், தலையைத் திருப்பிக்கொள்கிறாள். நான்கு எலியைக் குப்பையில் போட்டாயிற்று. மெலிந்த மாதிரி தெரியவில்லை. வாய் திறந்து மூச்சு விடவில்லை, மூக்கில் சளி இல்லை. ஒரு மூலையிலேயே சுருண்டு கிடக்கிறாள், அவ்வளவுதான்.

இருப்பது நாலடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகிற விரிப்பு). செய்தித்தாள் விரித்திருக்கிறேன். தண்ணீருக்கு ஒரு கிண்ணம். அம்மா போனில் பால் வைத்துப் பார், முட்டை உடைத்து ஊற்று என்கிறாள். வைக்கவில்லை, ஆனால் இப்படியே எத்தனை நாள் பட்டினி கிடப்பாள் என்று இரவில் தூக்கம் வருவதில்லை. எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, பெட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னிமரம்

மேகலா, முதலில் பயத்தை விடுங்கள். ஆறு வாரம் ஒரு பெரிய போவாவுக்குப் பட்டினியே இல்லை. நான் பர்மிங்காமில் பதினாலு வருடமாக போவாக்கள் வளர்க்கிறேன், இப்போது மூன்று இருக்கின்றன, அதில் மூத்தவள் ஒரு குளிர்காலம் முழுக்க, கிட்டத்தட்ட நாலு மாதம், எதையும் தொடவில்லை, எடை நூறு கிராம்கூட இறங்கவில்லை. பால், முட்டை இரண்டும் வேண்டாம். பாம்பு பாலூட்டி இல்லை, பால் அதற்குச் செரிக்காது. நம் ஊரில் புற்றில் ஊற்றுகிற பாலை அது குடிப்பதில்லை, தாகத்தில் வாய் வைத்தால்தான் உண்டு.

எலியை விட அந்த ஹீட் மேட்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. இல்லை என்றால் இதைப் படித்தவுடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ஏழெட்டு கிலோ உடம்பு அப்படியே மேட்டின் மேல் படுத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே ஏறிக்கொண்டு போகும். பாம்புக்கு வயிற்றுப் பக்கம் சுடுகிறது என்று விலகிப்போகிற புத்தி நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை, மேலே காற்று குளிராக இருந்தால் சூடு வேண்டும் என்று அங்கேயே கிடக்கும், வெந்துகொண்டே கிடக்கும். வயிற்றுச் செதில்களைத் தூக்கிப் பாருங்கள், பழுப்பு நிறத்திலோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா என்று.

அப்புறம் இவற்றை அளந்து எழுதுங்கள்: மேட்டுக்கு மேல் கண்ணாடி எவ்வளவு சூடு, இந்தப் பக்கம் காற்று எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு, இரவில் எவ்வளவு. எடை. நீளம். ஆண் போவாவோடு எப்போதாவது வைத்திருந்தார்களா (கர்ப்பமாக இருந்தாலும் சாப்பிடாது, போவா முட்டை போடாது, குட்டியாகவே போடும்). கண் பால் பூத்த மாதிரி மங்கலாக இருக்கிறதா, அப்படியென்றால் சட்டை உரிக்கப் போகிறது, அந்த நேரத்தில் பல பாம்புகள் தொடாது. இவ்வளவும் தெரிந்த பிறகு தீனியைப் பேசலாம். அதுவரை இன்னொரு எலியை உருக்காதீர்கள்.

மேகலா_லெஸ்டர்

நன்றி அண்ணா. பிடுங்கிவிட்டேன். தெர்மோஸ்டாட் இல்லை. பக்கத்துக் கடையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிவந்து, பிடுங்குவதற்கு முன்பு அளந்தேன்: செய்தித்தாளைத் தூக்கினால் கண்ணாடி 47 டிகிரி. காற்று மேட் இருக்கிற பக்கமே 22, மறுமூலை 19. இரவில் வீட்டு ஹீட்டிங் நின்றதும் 17. எண்ணைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். வயிற்றில் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் திட்டு இருக்கிறது, தோல் உரியவில்லை, ஈரமாகவும் இல்லை.

எடை பார்க்கத் தலையணை உறைக்குள் விட்டு, நான் தூக்கிக்கொண்டு குளியலறை எடைமேடையில் நின்றேன், என் எடையைக் கழித்தால் 8.4 கிலோ. நீளம் நூலை வைத்து அளந்தேன், 2.1 மீட்டர். ஆண் பாம்போடு வைத்ததே இல்லை என்று முன்பு சொல்லியிருக்கிறாள். கண் தெளிவாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன், அது சரியா தவறா தெரியவில்லை. வளையும்போது செதில்களுக்கு நடுவே தோல் கோடு கோடாகத் தெரிகிறது. வால் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் மடிப்பு விழுகிறது. முதுகெலும்பு மேடாக இல்லாமல் நடுவே பள்ளமாக இருக்கிறது.

வன்னிமரம்

நீங்கள் எழுதியிருக்கிற மூன்றும் கொழுத்த பாம்பின் அடையாளம். ஆரோக்கியமான போவாவைக் குறுக்கே வெட்டிய மாதிரி கற்பனை செய்தால் வட்டமாக இருக்காது, மேலே கொஞ்சம் கூம்பி, பக்கவாட்டில் தட்டையாக, ஒரு ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும். முதுகு பள்ளமாகிவிட்டது என்றால் இரண்டு பக்கமும் கொழுப்பு ஏறி எலும்பை மூடிவிட்டது. அந்த நீளத்துக்கு ஐந்து, ஆறு கிலோ இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ரூபி பட்டினி கிடக்கவில்லை, பல வருடமாக அளவுக்கு மேல் தின்றிருக்கிறாள்.

இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. வாரம் ஒரு எலி என்பது குட்டிப் பாம்புக்கான கணக்கு, அதைப் பெரிதானபின்பும் அப்படியே தொடர்ந்தால் இப்படித்தான் ஆகும். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை, சொல்லிக்கொண்டேதான் இருப்பேன், ஏனென்றால் வளர்ப்புப் பாம்புகள் பசியில் சாவதை நான் பார்த்ததில்லை, ஈரலில் கொழுப்பு படிந்து பத்து வயதில் சாவதைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக வைத்தால் போவா இருபத்தைந்து முப்பது வருடம் இருக்கும்.

காட்டில் இது பதுங்கிக் காத்திருந்து அடிக்கிற விலங்கு. ஒரு இரைக்கும் அடுத்த இரைக்கும் நடுவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இடைவெளி விழும், உடம்பே அதற்கு ஏற்பத்தான் அமைந்திருக்கிறது. பர்மிய மலைப்பாம்பை வைத்து 2005-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது: இரை விழுங்கிய இரண்டே நாளில் அதன் இதயத் தசை 40 சதவீதம் பருக்கிறது. குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாமே வளர்ந்து, செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. ஒவ்வொரு சாப்பாடும் அந்த உடம்புக்கு அவ்வளவு பெரிய வேலை. போவா வேறு குடும்பம்தான், ஆனாலும் வாராவாரம் எலி கொடுத்தால் அந்த உடம்புக்கு ஓய்வே கிடைக்காது என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தவிர 17 டிகிரியில் பாம்பால் செரிக்கவே முடியாது. வயிற்றுக்குள் எலி அழுகிவிடும், கக்கிவிடும், கக்கினால் அமிலமெல்லாம் மேலே வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும், அதற்கப்புறம் குறைந்தது இரண்டு வாரம் எதுவும் கொடுக்கக் கூடாது. ரூபி தலையைத் திருப்பிக்கொண்டதே அவளைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் அந்தத் திட்டைக் காட்டுங்கள், நாய் பூனை மட்டும் பார்ப்பவர் வேண்டாம், போன் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு பெட்டி. பெட்டி சரியாகி, அவள் அதில் பத்து நாளாவது அமைதியாக இருந்த பிறகு ஒரு எலி, 250 கிராமுக்கு மேல் வேண்டாம். உடம்பின் தடித்த இடத்தைவிடக் குறைவான தடிமனில் இருக்கட்டும். எடுத்துக்கொண்டால் அடுத்தது ஐந்து வாரம் கழித்து. இரண்டு வருடத்தில் மெதுவாக ஆறு கிலோவுக்கு வரட்டும், ஒரேயடியாகப் பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள், அதுவும் ஈரலுக்குக் கெடுதல். எடை சரியானதும் நாலு வாரத்துக்கு ஒன்று போதும்.

எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில் வைத்து உருக்குங்கள். மறுநாள் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுடுதண்ணீரில் அரைமணி நேரம், மேல்தோல் 38, 40 டிகிரி வரும்வரை. மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். வயிற்றை அழுத்திப் பாருங்கள், நடுவில் கல் மாதிரி இருந்தால் இன்னும் உருகவில்லை. நீளமான இடுக்கியில், 40 சென்டிமீட்டராவது இருக்கட்டும், இடுப்பைப் பிடித்து நீட்டுங்கள். வாலைப் பிடித்தால் எலி தொங்கி ஆடும், அவள் குறி தவறி உங்கள் கையைப் பிடிப்பாள். அவள் பிடித்துச் சுற்றியதும் உடனே இடுக்கியை எடுத்துவிடாமல் எலியை மெல்ல ஒன்றிரண்டு முறை இழுங்கள். இரையின் இதயத் துடிப்பு நின்றதா என்பதை போவா உணர்ந்துதான் பிடியைத் தளர்த்துகிறது என்று 2012-இல் அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள், செத்த எலிக்குள் செயற்கைத் துடிப்பை வைத்துப் பார்த்தார்கள், துடிப்பு இருந்தபோது அதிக நேரம், அதிக பலத்தோடு இறுக்கியதாம். அதே குழு 2015-இல், மூச்சை அடைத்துக் கொல்வதில்லை, ரத்த ஓட்டத்தை நிறுத்தித்தான் கொல்கிறது என்றும் காட்டியது. கொஞ்சம் இழுத்துக் கொடுத்தால் அவள் நன்றாக இறுக்குவாள், கொழுத்த பாம்புக்கு நாம் தரக்கூடிய நல்ல உடற்பயிற்சி அது. சாப்பிட்டபின் இரண்டு நாள் தூக்க வேண்டாம், மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது.

உயிரோடு எலி கொடுக்கலாமா என்று பின்னால் யாராவது கேட்பார்கள். வேண்டாம். எலி கடித்துக் கண் போன பாம்பைக் கையில் வைத்திருக்கிறேன், எலிக்கும் அது தேவையில்லாத வதை.

ஸ்காபரோ_தாசன்

பிள்ளை, வன்னிமரம் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன், பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், நான் தச்சு வேலை செய்கிறவன், ஆட்களுக்கு விவேரியம் (பாம்பு வளர்க்கிற பெட்டி) அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நாலடித் தொட்டி ஏழடிப் பாம்புக்குப் போதாது. முந்தி பாம்பின் நீளத்தில் பாதி இருந்தால் காணும் என்பார்கள், இப்ப அந்தக் கணக்கை ஒருவரும் சொல்வதில்லை. பாம்பு முழுசாக நீட்டிப் படுக்கக்கூடிய அளவு வேணும். அவ்வளவு இடம் இல்லையென்றால் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம், அதற்குக் கீழே போகாதீர்கள். மரத்தில் அடியுங்கள். கண்ணாடித் தொட்டியில் மேலே வலை என்றால் சூடும் ஈரமும் அப்படியே பறந்துவிடும், இங்கே கனடாவில் குளிரில் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். முன்பக்கம் மட்டும் தள்ளுகிற கண்ணாடி. மேலேயிருந்து கை போனால் பாம்புக்குப் பருந்து இறங்கின மாதிரி இருக்கும், முன்பக்கமாகப் போனால் அவ்வளவு பயப்படாது. உள்மூலை எல்லாம் மீன்தொட்டிக்கு அடிக்கிற சிலிக்கோன் அடித்து ஒரு கிழமை காய விடுங்கள், மணம் முழுக்கப் போன பிறகுதான் பாம்பை விட வேணும்.

சூட்டுக்கு மேலே ஒரு பக்கம் செராமிக் ஹீட்டர் அல்லது ஹீட் பனல், பல்ஸ் தெர்மோஸ்டாட்டோடு. ஹீட்டருக்குக் கம்பிக் கூடு கட்டாயம், போவா ஏறிச் சுற்றிக்கொள்ளும். சூட்டு இடம் 31, 32. மற்றப் பக்கம் 25. இரவில் 23க்குக் கீழே விடாதீர்கள். ஈரப்பதம் 60, 70. ஒளிய இரண்டு பெட்டி, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, ஒன்று மட்டும் வைத்தால் ஒளிய வேணுமா சூடு வேணுமா என்று அது தெரிவு செய்ய வேண்டி வரும். படுத்தால் உடம்பு பக்கத்தில் முட்ட வேணும், பெரிய குகை மாதிரி இருந்தால் அது போகாது. தண்ணிக்குக் கிண்ணம் காணாது, முழு உடம்பும் அமிழக்கூடிய தொட்டி. ஒரு தட்டும் தடித்த கொப்பும் பாரம் தாங்கும்படி போல்ட் போட்டுப் பூட்டுங்கள். பெரிய போவா ஏறாது என்று சொல்வார்கள், இடம் கொடுத்துப் பாருங்கள், ஏறும்.

கடைசியாகப் பூட்டு. இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. 2013 ஓகஸ்டில் இங்கே நியூ பிரன்ஸ்விக்கில் காம்பெல்டன் என்ற ஊரில் ஒரு ஆப்பிரிக்க ராக் பைத்தான் (ஒரு வகை மலைப்பாம்பு) தன் கூட்டிலிருந்து காற்றுக் குழாய் வழியாகப் போய் நித்திரையில் இருந்த இரண்டு சின்னப் பெடியன்களைக் கொன்றது. அந்தப் பாம்பு போவாவைவிட எத்தனையோ மடங்கு பலமானது, ரூபி அப்படிச் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாம்பு வெளியே வந்தால் அது பாம்பின் பிழை இல்லை, பூட்டாதவரின் பிழை. கண்ணாடிக்குச் சாவிப் பூட்டு போடுங்கள், காற்றுத் துவாரம் எல்லாம் அதன் தலை நுழையாத அளவில் இருக்கட்டும், ஒவ்வொரு இரவும் கையால் இழுத்துப் பாருங்கள். ஏழடிக்கு மேல் போன பாம்பைத் தூக்கும்போதும் தீனி கொடுக்கும்போதும் வீட்டில் இன்னொரு ஆள் இருக்க வேணும். டொராண்டோவில் மூன்று மீட்டருக்கு மேல் வளரக்கூடிய இனங்களை வைத்திருக்கவே தடை, காரணமில்லாமல் இல்லை.

பேரூர்_கார்த்தி

கோயம்புத்தூரில் இருந்து கேட்கிறேன். இதையெல்லாம் படித்ததும் எனக்கும் ஆசையாக இருக்கிறது. இங்கே ஒரு மலைப்பாம்புக் குட்டி கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். வளர்க்கலாமா?

கிண்டி_மணி

கார்த்தி தம்பி, கூடாது. நம் ஊர் மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. சாரையும் நல்லபாம்பும்கூட வீட்டில் வைக்கக் கூடாது. உங்களிடம் பேசியவர் காட்டிலிருந்துதான் எடுத்திருப்பார், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் பைத்தான் (ball python), போவா மாதிரி வெளிநாட்டுப் பாம்புகளுக்கு 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பாம்பு எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாமல் விற்பவை பெரும்பாலும் பெட்டியில் காலுறைக்குள் சுற்றி விமானத்தில் கடத்தி வந்தவை, சென்னை விமான நிலையத்தில் அப்படிப் பிடிபடுவதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். பாம்பு பார்க்க ஆசையென்றால் சென்னைக்கு வரும்போது கிண்டி பாம்புப் பண்ணைக்கு வாருங்கள், 1972-இலிருந்து இருக்கிறது. நான் நாற்பது வருடமாகப் போகிறேன், இன்னும் சலிக்கவில்லை.

மேகலா_லெஸ்டர்

தகவல் சொல்ல வந்தேன். மருத்துவரிடம் காட்டினேன், மேல்தோல் சூடுதான், ஆழமில்லை, களிம்பு கொடுத்தார், இரண்டு மூன்று முறை சட்டை உரித்தால் தழும்பு மங்கும் என்றார். வாய்க்குள் பார்த்தார், பூச்சி இருக்கிறதா என்று செதிலுக்கு அடியில் பார்த்தார், இல்லை. எடையைப் பார்த்துவிட்டு வன்னிமரம் அண்ணா சொன்னதையே சொன்னார்.

பெட்டி: பழைய அலமாரி ஒன்றை இங்கே ஒருவர் இலவசமாகக் கொடுத்தார், அதை வைத்தும் புதுப் பலகை வாங்கியும் ஆறடிக்கு இரண்டரைக்கு இரண்டரை, தாசன் அண்ணா சொன்ன மாதிரியே. வேலை செய்யும் இடத்தில் ஒரு பையன் ரம்பம் கொண்டுவந்து உதவினான். சிலிக்கோன் காயும்வரை எட்டு நாள் ரூபியைத் தொட்டியில்தான் வைத்திருந்தேன், அறைக்கு ஒரு எண்ணெய் ரேடியேட்டர் போட்டு 27 டிகிரியில். இரவு பகல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதுப் பெட்டியில் விட்ட முதல் நாள் முழுக்க ஒளிப்பெட்டிக்குள்ளேயே இருந்தாள். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போனால், தலையைத் தட்டின் மேல் வைத்து உடம்பை ஒவ்வொரு வளையமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். கனத்தில் ஒரு முறை வழுக்கிக் கீழே வந்தாள், மறுபடி ஏறினாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஏறியிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் 240 கிராம் எலி கொடுத்தேன். நாக்கை நீட்டி நீட்டி ஒரு நிமிடம் முகர்ந்தாள், நான் மறுபடி வேண்டாம் என்கிறாளோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடித்துவிட்டாள். இரண்டு முறை இழுத்தேன், இறுக்கினாள், இருபது நிமிடம் பிடித்துக்கொண்டே இருந்தாள். கக்கவில்லை, இன்றோடு ஐந்து நாள். எலிகளைச் சமையலறை ஃப்ரீசரில் வைத்திருந்தேன், மருத்துவர் அதற்குத் திட்டினார், ஃப்ரீசரில் வைத்தால் சால்மொனெல்லா கிருமி சாகாதாம். தனியாகச் சின்ன ஃப்ரீசர் வாங்கிவிட்டேன், இடுக்கியையும் தனியாக வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கண்ணாடியைத் திறந்தாலே இப்போது தலையைத் தூக்கி என்னையே பார்க்கிறாள், கழுத்து எஸ் மாதிரி வளைகிறது. தண்ணீர் மாற்றக் கை விடப் பயமாக இருக்கிறது. சாப்பாட்டுக்குத் தனிப் பெட்டிக்கு மாற்றினால் இது குறையும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், சரியா?

வன்னிமரம்

தனிப் பெட்டி வேண்டாம். பசி வெறியில் இருக்கிற எட்டுக் கிலோ பாம்பையும், வயிறு நிறைந்த பாம்பையும் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், கடிபடவும் கக்கவும் அதைவிட நல்ல வழி இல்லை. இருக்கிற பெட்டியிலேயே கொடுங்கள், ஆனால் "கண்ணாடி திறந்தால் சாப்பாடு" என்று அவள் நினைப்பதை உடைக்க வேண்டும். பாம்புக் கொக்கி ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் பேப்பர் சுருளே போதும். சாப்பாடு இல்லாத ஒவ்வொரு முறையும் திறந்தவுடன் அதனால் கழுத்துக்குக் கீழே மெல்லத் தொட்டுத் தடவுங்கள், தலை இறங்கி, வளைவு தளர்ந்து, நாக்கு நிதானமாக நீளும், அதற்கப்புறம் கையை விடுங்கள். சாப்பாட்டு நாளில் கொக்கியைத் தொடவே தொடாதீர்கள். என் மூத்தவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. கையில் எலி வாசனை இருக்கக் கூடாது, வாசனை சோப்பால் கழுவிவிட்டுப் போங்கள்.

தப்பித்தவறி பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், பல் பின்னோக்கி வளைந்தது, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும் அவள் பல்லும் உடையும். வாய் ஓரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள், சுற்றியிருந்தால் வால் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரியுங்கள், தலைப்பக்கமிருந்து முடியாது. தாசன் சொன்ன மாதிரி வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் திறங்கள்.

எடையை மாதம் ஒருமுறை, சாப்பிடுவதற்கு முந்தின நாள், எழுதிவையுங்கள். மலம் வந்தபின் ஒரு முறை எடை பார்த்துவிட்டு இங்கே போடுங்கள், அடுத்த எலி எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.